முட்டைக்கோஸ் கணக்கில் வராது

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று முதல் இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்குப் பாதகமானதையும் விட மாட்டேன். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு நிறைமதியாகிய நான் இதற்கு உறுதி கூறிக் கீழே கையெழுத்திடுகிறேன். (மூன்றாவது கையெழுத்துதான் நன்றாக வந்தது. முதல் இரண்டையும் அடிக்காமல் வைத்திருக்கிறேன். உண்மை என்றால் எல்லாமும்தானே.)

டைரி தொடங்கக் காரணம், எனக்கு இன்று ஒரு பதவி கிடைத்திருக்கிறது. எங்கள் பள்ளியில் பேஸ்பால் அணி உண்டு. ஒட்டன்சத்திரத்தில் யாரிடம் சொன்னாலும் "கிரிக்கெட்டா?" என்பார்கள். இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். நானும் சேரப் போனேன். முதல் பந்து என்னை நோக்கி வந்தபோது அதன் சிவப்புத் தையல்கள் எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து நெற்றியில் பட்டு, கண்ணாடி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் விழுந்தோம்.

பி.டி. ஆசிரியை எமல்டா மிஸ் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். "நீ விளையாட வேணாம்மா. எண்ணு" என்றார்.

வேலை இதுதான். ஜூனியர் அணியில் பந்தெறியும் பிட்சர்கள் இரண்டு பேர், நாச்சம்மாள், ஷமீமா. திங்கள், புதன், வெள்ளி பயிற்சி. ஒருத்தி ஒரு நாளில் ஐம்பது பந்துக்கு மேல் எறியக் கூடாது. ஒவ்வொரு பந்துக்கும் நான் பந்துக் கணக்கு நோட்டில் ஒரு கோடு போட வேண்டும். ஐம்பது ஆனதும் "ஐம்பது" என்று கத்த வேண்டும். ஆட்டத்தின் நடுவில் என்றாலும் எறிகிறவள் பந்தைக் கீழே வைத்துவிட வேண்டும். நான் சொல்லி இந்த ஊரில் ஒரு விஷயம் நிற்பது இதுவே முதல் முறை.

மணி ஒன்பது. அம்மாவின் சட்டப்படி விளக்கை அணைக்க வேண்டும். சுவிட்ச் அலமாரிக்கு மேலே இருக்கிறது. எக்கித்தான் தொட முடியும். எக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 7, புதன்

இரண்டு பேரையும் பற்றி நடுநிலையோடு எழுதுகிறேன்.

நாச்சி என் வகுப்புத்தான், என் பெஞ்சுதான். அவள் எறிந்தால் கேட்சரின் கையுறையில் தேங்காய் விழுந்த சத்தம் கேட்கும். மட்டையோடு நிற்கிறவள் பந்து போன பிறகுதான் மட்டையைச் சுற்றுவாள்.

ஷமீமா எட்டாம் வகுப்பு. அவள் பந்து மினி பஸ் மாதிரி, எல்லா ஸ்டாப்பிங்கிலும் நின்று வரும். ஆனால் எங்கே போகும் என்று சொன்னாளோ அங்கே போகும். பார்க்கக் கொட்டாவி வருகிறது. (நடுநிலை தவறிவிட்டது. அடிக்கவில்லை.)

இன்னொன்று கவனித்தேன். எமல்டா மிஸ் கரும்பலகையில் கீழ்ப் பாதியில் மட்டும் எழுதுகிறார். மேல் பாதி எப்போதும் காலி. அவர் குள்ளமும் இல்லை. கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

எங்கள் வீட்டு முன்னறையே அம்மாவின் மெஸ். இன்றும் முட்டைக்கோஸ் பொரியல். சாப்பிட வருகிற பேங்க் அண்ணன் "அக்கா, நாளைக்கு என்ன பொரியல்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்கிறார்.

நாச்சி இன்று மோசம். ஐம்பதில் இருபத்தாறு பந்து தாறுமாறு. வெள்ளிக்கிழமை எட்டுத்தான் அப்படிப் போயின.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மெஸ்ஸில் உதவிக்கு வரும் செல்வியக்கா வராததால் அம்மா என்னைக் காய்கறிச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். விடிந்தும் விடியாத நேரம். அங்கே யாரைப் பார்த்தேன் என்றால், நாச்சியை!

அவள் அப்பா லோடு ஏற்றுகிறவர். போன மாதம் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டார். அதனால் ஞாயிறு லோடுக்கு மட்டும் நாச்சி வருகிறாளாம். தரையில் முட்டைக்கோஸ் குவியல். லாரிக்கு மேலே ஒருவர். இவள் குனிந்து ஒன்றை எடுக்கிறாள், உடம்பைத் திருப்புகிறாள், எறிகிறாள். அது நேராக அவர் கைக்குப் போகிறது. ஒன்றுகூடத் தவறவில்லை. மேலே நிற்பவர் குனிந்துகூடப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டே பிடித்தார். எவ்வளவு அழகு! நாச்சியின் வேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும் இப்போது தெரியும்.

எண்ணும் பழக்கம் விடவில்லை. அம்மா வெண்டைக்காய்க்குப் பேரம் பேசி முடிப்பதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு. குவியல் பாதிகூடக் குறையவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

நாச்சி மறுபடியும் மோசம். முப்பத்தொன்று தாறுமாறு. வேறு யாராவது என்றால் விட்டுவிடுவார்கள். நான் ஆராய்ந்தேன். கணக்கு நோட்டை வைத்து வரைபடம் போட்டுப் பார்த்தால், நாச்சி திங்களில் தாழ்ந்து, புதனில் எழுந்து, வெள்ளியில் உச்சத்துக்குப் போகிறாள். ஒவ்வொரு வாரமும் இப்படியே. அறிவியலில் ஒரு கண்டுபிடிப்பு இப்படித்தான் தொடங்கும் என்று படித்திருக்கிறேன்.

காரணம்: திங்கள் முதல் பீரியடு கணக்குத் தேர்வு. அந்தப் பயம் கையில் இறங்குகிறது. இதற்கு 'திங்கள் விளைவு' என்று பெயரிட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பெரிய செய்தி. சீனியர் அணியின் பிட்சர் திலகா அக்கா ஸ்கூட்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு. அடுத்த மாதம் சென்னையில் மாநிலப் போட்டி. ஜூனியரிலிருந்து ஒருத்தியைச் சீனியருக்கு ஏற்றித்தான் ஆக வேண்டும்.

தலைமை ஆசிரியை மைதானத்துக்கே வந்து, அந்தத் தேங்காய்ச் சத்தக்காரியைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். (அவர் 'வேகமான பெண்' என்றார். தேங்காய் என்னுடையது.) மிஸ் தலையாட்டவில்லை. சீனியர் ஆட்டத்தில் ஒருத்தி எண்பது பந்துகூட எறிய வேண்டி வரும், பதினாலு வயதுக் கை தாங்குமா என்று பார்க்க வேண்டும், இரண்டு வாரம் கணக்கு நோட்டைப் பார்த்து செப்டம்பர் ஆறாம் தேதி சொல்கிறேன் என்றார்.

அதாவது என் நோட்டு.

இன்னொன்றும் சொன்னார். யார் ஏறினாலும் எண்ணுகிறவளும் கூடப் போக வேண்டும். ரயிலில். நான் ரயிலில் போனதில்லை. கடலையும் பார்த்ததில்லை. நாச்சியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து போவதை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். பிறகு ஒழுங்காக விளக்கை அணைத்தேன். பிறகு இருட்டில் பதினான்கு முறை நினைத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நாச்சிக்கு இப்போதே தலைக்கனம். இரண்டு நாளாக நான்தான் அவளுக்கு ரிப்பன் கட்டிவிடுகிறேன். சமூக அறிவியல் நோட்டையும் என்னிடம் தள்ளி, "நீயே எழுதிரு புள்ள, உன் கையெழுத்துத்தான் அழகு" என்கிறாள். புத்தகப் பையை இடது தோளில் மாட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாள். சீனியர் அணிக்குப் போகும் முன்பே இந்த நடை என்றால், போன பிறகு பல்லக்குத்தான்.

ஆனாலும் அழகாக எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தைப் பற்றி அவள் சொன்னது உண்மைதான்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மதியச் சாப்பாட்டின்போது நாச்சி, தட்டைப் பார்த்துக்கொண்டே, "சந்தையில பாத்ததை மிஸ்கிட்ட சொல்லிராத புள்ள" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். இந்த ஞாயிறோடு நிறுத்தப் போவதாகவும், அப்பா எழுந்து உட்கார ஆரம்பித்துவிட்டார் என்றும் சொன்னாள். ஏன் என்பதற்கு அது பதில் இல்லை. ஆனாலும் நான் மேலே கேட்கவில்லை.

நிதானமாக யோசித்துப் பார்த்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. என் பொறுப்பு பந்துகளை எண்ணுவது. பேஸ்பால் விதிப்புத்தகத்தை முன் அட்டையிலிருந்து பின் அட்டை வரை படித்திருக்கிறேன். அதில் எங்கேயும் முட்டைக்கோஸ் இல்லை. முட்டைக்கோஸ் கணக்கில் வராது.

பெரியம்மாவிடம் ஒரு பெட்டி கேட்டிருக்கிறேன். சக்கரம் வைத்தது.

செப்டம்பர் 2, திங்கள்

இன்று குறிப்பிட எதுவும் இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

நேற்று எழுதியது பொய். இந்த நோட்டின் முதல் பொய். கையெழுத்துப் போட்டு இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நேற்று நடந்தது: பயிற்சி முடிந்து குழாயடியில் நாச்சி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள். திறக்கவில்லை. இடது கைக்கு மாற்றினாள். பாட்டிலைப் பிடித்திருந்த வலது கையிலிருந்து அது நழுவி விழுந்தது. அவள் கண்ணில் தண்ணீர். தூசி என்றாள். நான் மூடியைத் திறந்து கொடுத்தேன். மூடி இறுக்கமாகவே இல்லை.

அதே சமயம் மிஸ் வந்து நோட்டை வாங்கிப் புரட்டினார். திங்கட்கிழமைகளில் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். "ஏன் இப்படி விழுது?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். நான் என் 'திங்கள் விளைவை' விளக்கினேன். மிஸ் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கணக்கு சரிதானேம்மா?" என்றார்.

"சரி மிஸ்" என்றேன்.

கணக்கு சரிதான். ஐம்பது என்றால் ஐம்பது. ஒரு கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதை நான் ஏன் இத்தனை முறை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

விளக்கை அணைக்க மறந்து அம்மாவிடம் திட்டு.

செப்டம்பர் 5, வியாழன்

பெட்டி வந்துவிட்டது. ஒரு சக்கரம் சுற்றவில்லை. பரவாயில்லை.

நாளை முடிவு. படிப்பு ஓடவில்லை. என் எழுத்து எப்படி வளர்ந்திருக்கிறது என்று ரசிப்பதற்காக டைரியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். முட்டைக்கோஸ் லாரிப் பகுதி உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது. அதை இரண்டாம் முறை வாசித்தேன். அதற்குக் கீழேயே திங்கட்கிழமை. அதையும் வாசித்தேன்.

பிறகு வரைபடத்தை எடுத்து, திங்களுக்கு முன்னால் ஞாயிறு என்று ஒரு கட்டம் போட்டேன். அதில் 212 என்று எழுதினேன். அதுவும் பாதிக் குவியல்தான். ஒரு முட்டைக்கோஸ் பத்துப் பந்து கனம் இருக்கும். நாச்சி வாரத்தில் மூன்று நாள் சேர்த்து எறிவது நூற்றைம்பது பந்து. அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்று காவல் காப்பது நான்.

'திங்கள் விளைவு' என்று எதுவும் இல்லை. கணக்குத் தேர்வுக்குப் பயப்படுகிறவள் நான்தான். நாச்சி போன தேர்வில் என்னைவிட ஆறு மதிப்பெண் அதிகம்.

ரிப்பன். சமூக அறிவியல் நோட்டு. இடது தோள். எல்லாவற்றையும் நானே என் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தலைக்கனம் என்று பெயர் போட்டு.

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சுற்றாத சக்கரம் தரையைக் கீறிக்கொண்டு போனது.

செப்டம்பர் 6, வெள்ளி

காலை பிரேயருக்கு முன்பே மிஸ்ஸின் அறைக்குப் போனேன். வாயால் சொன்னால் அழுதுவிடுவேன் என்று, கணக்கு நோட்டில் ஆகஸ்ட் 18-ஐத் தேடி, "நாச்சம்மாள், முட்டைக்கோஸ், 212, எண்ணி முடிக்கவில்லை" என்று எழுதி நீட்டினேன். எழுதியும் அழுதேன்.

மிஸ் அந்த வரியில் விரலை வைத்துப் படித்தார்.

"எத்தனை ஞாயிறு?"

"ஏழு இருக்கும் மிஸ். நான் பார்த்தது ஒண்ணு."

"பார்த்து எத்தனை நாளாச்சு?"

"மூணு வாரம் ஆகப் போகுது மிஸ். விதியில பந்துன்னுதான் இருக்கு, அதனால..."

"எறியறது என்னன்னு கைக்குத் தெரியாதும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். "என்னைப் பதினஞ்சு வயசுல சீனியர்ல ஏத்துனாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. ஒருத்தரும் எண்ணல."

அவருடைய கரும்பலகையின் மேல் பாதி ஏன் காலி என்று நான் கேட்கவே இல்லை. இனிக் கேட்க வேண்டியதில்லை.

மாலை மைதானத்தில் எல்லோரையும் உட்காரவைத்து மிஸ் முடிவைச் சொன்னார். சீனியருக்குப் போவது ஷமீமா. ஷமீமா எழுந்து நின்று, "நானா மிஸ்? என் பந்து மெதுவா வருமே" என்றாள். மெதுவாக வந்தாலும் வந்து சேருகிறதே என்றார் மிஸ். எண்ணுவதற்குத் திலகா அக்கா போவார். கட்டுப் போடாத கை ஒன்று இருக்கிறது, கோடு போட அது போதும்.

என்னைப் பற்றி, "உண்மையைச் சொன்னது சரி. மூணு வாரம் கழிச்சுச் சொன்னதால இந்தத் தடவை வேணாம்" என்றார். நியாயமான தீர்ப்பு. நியாயமாக இருப்பதால் இன்னும் மோசமாக இருக்கிறது.

நாச்சி பையை எடுத்து இடது தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 9, திங்கள்

நாச்சி முன் பெஞ்சுக்கு இடம் மாறிவிட்டாள். அவள் பேசுவாள் என்று இடைவேளையில் பக்கத்தில் போய் நின்றேன். பேசினாள்.

"நான் ஏறியிருந்தா, எங்கப்பா மாடத்துல ஒரு கப்பு இருந்திருக்கும். உன் நோட்டுல ஒரு கோடு இருக்கு. சந்தோசமா இரு போ."

ஷமீமாவின் அணி சென்னையில் எப்படி ஆடும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். நான் நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். மணி அடித்தபோது பார்த்தால் தலைகீழாக இருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

மிஸ் நாச்சியை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாராம். தோளில் தசைநார் வீங்கியிருக்கிறது, கிழியவில்லை. ஆறு வாரம் எதையும் எறியக் கூடாது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் கிழிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இதை நாச்சி என்னிடம் சொல்லவில்லை. முன் பெஞ்சில் யாரிடமோ சொன்னாள், கொஞ்சம் சத்தமாக.

செப்டம்பர் 14, சனி

அணி சென்னைக்குப் புறப்பட்டது. வழியனுப்பப் போனேன். ரயிலை வெளியிலிருந்து நன்றாகப் பார்த்தேன். எங்கள் அணி ஏறிய பெட்டியில் ஒரு பக்கத்தில் மட்டும் ஒன்பது ஜன்னல்கள்.

ஷமீமாவுக்கு என் பெட்டியைக் கொடுத்தேன். சக்கரத்தைப் பற்றி முன்கூட்டியே சொன்னேன். இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் 19, வியாழன்

இரண்டு ஆட்டம் வெற்றி, மூன்றாவதில் தோல்வி. ஷமீமா ஒரு ஆட்டத்தில் எழுபத்தொரு பந்து எறிந்தாளாம். எதிரணிப் பெண்கள் பந்து வருவதற்கு முன்பே மட்டையைச் சுற்றிவிட்டு, பிறகு அது வருவதை நின்று பார்த்தார்களாம். அவளைப் பற்றிக் கொட்டாவி என்று எழுதியிருந்தேன். இருக்கட்டும். அடிக்க மாட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலையில் அம்மா கேட்காமலே பையை எடுத்துக்கொண்டு அவளோடு சந்தைக்குக் கிளம்பினேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

முட்டைக்கோஸ் லாரி அதே இடத்தில் நின்றது. நாச்சியின் அப்பா எழுந்து நடக்கிறார், ஆனால் குனியக் கூடாதாம். ஏலக்கடைக்காரர் அவரை லாரிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, ஏறுகிற காயைக் கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பாதியில் எண் மறந்துவிடுவதால் நாச்சி கூட வந்திருந்தாள். மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு. ஐந்து ஐந்தாகக் கோடு, நான்கு நேராகவும் ஐந்தாவது குறுக்காகவும். அது என் முறை. என் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். எறிகிற அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார்.

"நீ எறி" என்றாள் நாச்சி. "நான் எண்ணுறேன்."

"எனக்கு எறியத் தெரியாது நாச்சி."

"தெரியாதுன்னு தெரியும். அதான் எறியச் சொல்றேன்."

லாரிமேல் இருந்தவர், "கண்ணாடிப் பாப்பாவா? நான் இறங்கிக்கறேன்" என்றார். முதல் முட்டைக்கோஸ் டயரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. இரண்டாவது ஒரு சைக்கிளின் கேரியரில் போய் உட்கார்ந்தது. நாச்சி இரண்டுக்கும் கோடு போட்டாள். எறிந்தால் கணக்குத்தான் என்றாள். ஒன்பதாவது அவர் கைக்குப் போனது. பதினைந்தில் தோள் சுட்டது. இருபதில் விரல்கள் என்னுடையவையாக இல்லை. இருபத்து மூன்றில் முட்டைக்கோஸை மார்போடு கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு, பாதிக் குவியல். 'எவ்வளவு அழகு' என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கிறேன்.

நாச்சி மூட்டையிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?"

"ரொம்ப."

"நல்லா வலிக்கட்டும்" என்றாள். பிறகு நோட்டைப் பார்த்து, "இருபத்தி மூணு. எனக்குக் கோவம் போக நூறு வேணும். மீதியை அடுத்த வாரம் பாத்துக்கலாம். ஒரே நாள்ல எறியாத, கை போயிரும்" என்றாள். என் பின்னல் அவிழ்ந்திருந்தது. இடது கையாலேயே ரிப்பனைச் சுற்றிக் கட்டிவிட்டாள். கோணலாகத்தான் இருந்தது. அவிழ்க்காமல் வைத்திருக்கிறேன்.

மீதி எழுபத்தேழு. கணக்கு சரிதான்.

மதியம் முட்டைக்கோஸ் பொரியல். ஸ்பூனால் சாப்பிட்டேன். இந்தப் பக்கத்தை எழுதவே இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது, கையெழுத்து அழகாக இல்லை. மணி ஒன்பது. எக்கிப் பார்த்தேன். கை தோளுக்கு மேலே போகவில்லை. இன்னொரு முறை எக்கினேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே வந்து விளக்கை அணைத்தாள்.